பெரிய வாரத்தில் பெய்யாத மழை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோவிலில் மழைக்கு நன்றிப் பூசை.

ஐப்பசி மாதம் கொட்டித் தீர்த்துவிட்டது அல்லவா? ஊர்க் குட்டை நிரம்பி, கிணறெல்லாம் ஊறி, மரவள்ளிக் காடெல்லாம் பச்சை. பங்குச் சாமியார் பிரசங்கத்தை முடித்துவிட்டு, "நன்றி சொல்ல நினைக்கிறவங்க எழுந்து சொல்லலாம்" என்றார். ஒருவர் எழுந்து தன் போர் பைப்பில் தண்ணீர் வந்ததற்கு நன்றி சொன்னார். ஒரு அம்மா மாட்டுக்குப் புல் கிடைத்ததற்கு. ஒவ்வொன்றுக்கும் சனங்கள் ஒரே குரலில், "ஆண்டவரே, உமக்கு நன்றி" என்று பதில் சொன்னார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் என் மனைவி ஸ்டெல்லா எழுந்தாள்.

எனக்குத் திக்கென்றது. கோவிலில் பாட்டுக்குக்கூட வாயை அசைப்பாளே தவிர, சத்தம் வெளியே வராத பெண் அவள்.

"ஆண்டவரே... போன பெரிய வாரத்துல எங்க ஊருக்கு மழையே குடுக்காம இருந்ததுக்கு உமக்கு நன்றி."

சொல்லிவிட்டு முக்காட்டைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஆண்டவரே..." என்று ஆரம்பித்த சனம் பாதியில் நின்றுவிட்டது. கோவில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சாமியார் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

என்னை ஏன் பார்க்க வேண்டும்? காரணம் இருக்கிறது. உயிர்ப்பு ஞாயிறுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, முந்தின அந்தப் பெரிய வாரத்தை ஒட்டித்தான் எங்கள் பங்கில் மழை வேண்டி ஒன்பது நாள் நவநாள் ஜெபம் நடந்தது. தினமும் சாயந்திரம் மழை மன்றாட்டை வாசித்தவன் நான். இருக்கிற சனத்தில் எனக்குத்தான் குரல் பெரிது. ஏர் ஹாரனோடு போட்டி போட்டு வளர்ந்த குரல் ஆயிற்றே!

ஆக, புருஷன் மைக் வைத்து மழை கேட்டான். பெண்டாட்டி மைக் இல்லாமல் மழை வேண்டாம் என்றிருக்கிறாள். ஒரே வீட்டிலிருந்து இரண்டு மனு!

எல்லாம் ஒரு தெர்மோகோல் பெட்டியால் வந்தது.

* * *

இந்தப் பத்தியை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு என் தொழில் தெரியும். நாமக்கல்லிலிருந்து கேரளாவுக்கு முட்டை லோடு ஓட்டியவன் நான். எத்தனை லட்சம் முட்டைகளைக் கொண்டு போய் இறக்கியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆனால், ஒரு முட்டையிலிருந்து ஒரு குஞ்சு வெளியே வருவதை மட்டும் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்க முடியாது. பண்ணைக் கோழிகள் சேவலின் முகத்தையே பார்க்காதவை. அந்த முட்டை ஆம்லெட் ஆகும், குஞ்சு ஆகாது.

லாரியை விட்டு இறங்கி வீட்டில் உட்கார்ந்த பிறகு இது ஒரு குறையாக மனசில் நின்றது. இத்தனை முட்டையைச் சுமந்தோமே, ஒன்றாவது பொரித்துப் பார்த்தோமா?

செல்போனில் வீடியோ பார்த்தேன். மீன்கடையில் சொல்லி வைத்து ஒரு தெர்மோகோல் பெட்டி வாங்கி, நாற்றம் போகிறவரை கழுவிக் காய வைத்தேன். உள்ளே ஒரு குண்டு பல்பு. சூடு ஏறினால் பல்பை அணைத்து, குறைந்தால் போட்டுவிடும் ஒரு சின்ன மீட்டர். ஈரத்துக்குக் கிண்ணத்தில் தண்ணீர். மூடியில் ஓட்டை போட்டு ஒரு கண்ணாடித் துண்டு. நம் ஊர்க் கோழி அடை காக்க என்னென்ன செய்யுமோ அதையெல்லாம் இந்தப் பெட்டி செய்யும்... கொத்துவதைத் தவிர. அடைப் பெட்டி என்று பெயர் வைத்தேன். சந்தையில் நாட்டுக்கோழி முட்டை வாங்கி வைத்ததில் பாதிக்கு மேல் கூமுட்டை. ஆனாலும் சில குஞ்சுகள் வந்தன. தெருவில் என் பெயர் உயர்ந்துவிட்டது.

ஒரே ஒரு சங்கடம். பல்பு விடாமல் எரிய வேண்டும். எங்கள் பகுதியில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று போகிறவருக்கும் தெரியாது, அனுப்புகிறவருக்கும் தெரியாது. வீட்டில் இன்வர்ட்டர் உண்டு; பழைய பேட்டரி. அதில் எங்கள் ஹாலில் கொடுத்திருந்தது இரண்டே இணைப்பு. ஒன்று ஃபேன். இன்னொன்று, திரு இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் எரியும் சிவப்பு பல்பு.

அந்தச் சிவப்பு பல்பு எங்கள் வீட்டில் அணையவே அணையாது. என் அப்பா காலத்தில் எண்ணெய் விளக்கு, எனக்கு ஜீரோ வாட் பல்பு. ராத்திரியும் பகலும் எரியும். ஊருக்குப் போனாலும் எரியும். உலகத்தில் இதைவிட நம்பிக்கையான லைன் வேறு எது? பல்பு மாட்டிய ஹோல்டரிலேயே ஒரு அடாப்டரைச் சொருகி, அதிலிருந்து பெட்டிக்கு ஒயர் இழுத்துவிட்டேன். பெட்டிக்கும் படத்துக்கும் ஒரே சுவிட்ச். ஆண்டவருடைய பாதத்துக்குக் கீழேயே அடைப் பெட்டி. கரண்ட்டுக்குக் கரண்ட்டும் ஆச்சு, காவலுக்குக் காவலும் ஆச்சு.

இதைவிட புத்திசாலித்தனமான வேலையை நான் வாழ்க்கையில் செய்ததில்லை என்றே நினைத்தேன்.

* * *

பங்குனி வெயில் ஏற ஆரம்பித்திருந்த நேரம். ஒரு நாள் விடியற்காலையில் அடுத்த வீட்டில் ஒரே கூச்சல். பழனியம்மாளின் வீடு அது. பனமரத்துப்பட்டி பக்கம் அரளித் தோட்டத்தில் பூப்பறிக்கப் போகிற பெண். அவளுடைய புருஷன் முருகேசன், ரிக் வண்டியில் வேலை செய்கிறவன். வடக்கே போய் ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டி. போன வருஷம் அங்கே பைப்புக்கு நடுவே வலது கை மாட்டிக்கொண்டது. கையையே எடுக்க வேண்டியிருக்கும் என்று பயமுறுத்தியிருந்தார்கள்.

அந்தச் செய்தி போனில் வந்த நேரத்தில் பழனியம்மாள் தன் பெட்டைக்கோழியைக் கூடையில் அடைக்கப் பிடித்து வைத்திருந்தாளாம். கையில் கோழி, காதில் போன். அப்படியே முனியப்பன் சாமியிடம் சொல்லிவிட்டாள்: "அவருக்குக் கை நிக்கோணும். நின்னா, இந்தக் கோழி வயித்துல பொறக்கற கருஞ்சேவல உனக்கு அறுக்கறேன்."

கை நின்றது. இரண்டு விரல் மடங்காது, அவ்வளவுதான். வடக்கே மழைக்காலம் முடிந்து, இங்கே தீபாவளி கழிந்து ரிக் வண்டிகள் மறுபடி கிளம்பும்போது முருகேசனும் போயாக வேண்டும். ஆனால், முனியப்பனுக்குச் சேவல் அறுக்காமல் புருஷனை வண்டி ஏற்ற மாட்டேன் என்பதில் பழனியம்மாள் உறுதி. அந்தக் கோழியும் முட்டையிட்டு, கூடையில் அடை உட்கார்ந்துவிட்டது.

அன்றைக்கு விடியற்காலையில் இரை பொறுக்க வெளியே வந்த அந்தக் கோழியைத்தான் தெருநாய்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டன.

பழனியம்மாள் கூடையோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே ஒன்பது முட்டை. கண்ணில் தண்ணீர்.

"சூசையண்ணா... உங்க பொட்டியில வெச்சுக் குடுங்ணா. இந்தக் கோழி வயித்துலன்னு வாய்விட்டுச் சொல்லிப்போட்டனுங். வேற கோழி முட்டை ஆகாதுங். இதுதான் இருக்கறதே."

நான் ஒரு கணம் யோசித்தேன். என்ன யோசனை என்று உங்களுக்கே புரியும். திரு இருதய ஆண்டவர் பாதத்தில், அவருடைய லைனில் இருந்து கரண்ட் எடுத்து, முனியப்பனுக்குச் சேவல் பொரிப்பதா?

ஸ்டெல்லா யோசிக்கவில்லை. கூடையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

முட்டையைத் தினமும் சில தடவை புரட்டிவிட வேண்டும். எதைப் புரட்டினோம் என்று தெரிய ஒரு பக்கம் அடையாளம் போடுவது வழக்கம். நான் பென்சில் எடுத்து, கைப் பழக்கத்தில் ஒவ்வொரு முட்டையிலும் ஒரு சிலுவை போட்டுக்கொண்டு போனேன்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க? அது முனியப்பனுக்குப் போற முட்டைங்க!" என்றாள் ஸ்டெல்லா.

பழனியம்மாள் எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு ஓடிப் போய் மஞ்சளைக் குழைத்து எடுத்துக்கொண்டு வந்து, முட்டைகளின் மறுபக்கத்தில் ஆளுக்கொரு பொட்டு வைத்தாள். "இருக்கட்டுங்ணா. இப்ப சரியாப் போச்சு."

ஆக, காலையில் சிலுவை மேலே, மத்தியானம் மஞ்சள் பொட்டு மேலே, சாயந்திரம் மறுபடி சிலுவை. இத்தனை மத நல்லிணக்கத்தை நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை.

விரல் விட்டு எண்ணினேன். கோழி உட்கார்ந்த நாளையும் சேர்த்து, இருபத்தொரு நாள் எங்கே வந்து முடிகிறது தெரியுமா? உயிர்ப்பு ஞாயிற்றுக்கிழமை! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மூடிய கல்லறை, திறக்கிற ஓடு... இந்தப் பத்தியில் எழுதுவதற்கு வாக்கியங்களைக்கூட மனசுக்குள் தயார் செய்துவிட்டேன்.

* * *

பெரிய வியாழன் வந்தது. கடைசி மூன்று நாள் முட்டையைப் புரட்டக் கூடாது, மூடியைத் திறக்கவும் கூடாது. அன்று காலையில் கடைசியாகப் புரட்டி, கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி மூடியைப் போட்டேன். இனி ஞாயிறுதான்.

சாயந்திரம் கோவிலில் பாதம் கழுவும் சடங்கு. அப்போஸ்தலர்கள் பன்னிரண்டு பேருக்குப் பதிலாகச் சாமியார் பன்னிரண்டு ஆண்களை உட்கார வைத்துப் பாதம் கழுவுவார். இந்த வருஷம் அந்தப் பன்னிரண்டில் நானும் ஒருவன். கிளட்ச் மிதித்துக் காய்த்துப் போன காலைப் பித்தவெடிப்புத் தெரியாமல் தேய்த்துக் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போனேன். கழுவுவதற்கு முன்னாலேயே என் கால்தான் எல்லாரையும்விடச் சுத்தம்.

பூசை முடிந்ததும் பீடத்தில் இருந்த துணியை எடுத்தார்கள். விளக்குகளை அணைத்தார்கள். ஆண்டவர் பிடிபட்டுவிட்டார். மனசு கனத்துப் போய் வீடு திரும்பினேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். என் அப்பா ஏற்படுத்தியது. வருஷம் பூரா அணையாத திரு இருதய விளக்கை, பெரிய வியாழன் ராத்திரி மட்டும் அணைப்போம். உயிர்ப்பு ஞாயிறன்றுதான் திரும்பப் போடுவோம். படத்துக்கு ஊதாத் துணி போர்த்திவிடுவோம்.

அப்போஸ்தலனுடைய பாதத்தோடு நான் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். ஒரு பரலோக மந்திரம் சொன்னேன். கண் கலங்கியது. பயபக்தியோடு சுவிட்சை அணைத்தேன்.

ஸ்டெல்லா ஊதாத் துணியைப் போர்த்தினாள். பெரிய துணி. படத்தை மூடி, கீழே இருந்த பெட்டியையும் கண்ணாடியையும் சேர்த்து மூடியது.

உங்களுக்குப் புரிந்துவிட்டது. எங்களுக்குப் புரியவில்லை.

மறுநாள் பெரிய வெள்ளி. ஒருசந்தி, ஒரு வேளைதான் சாப்பாடு. ஜன்னல்களைச் சாத்தி, வீட்டைப் பூட்டிக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிட்டோம். காலையில் வெயிலில் சிலுவைப்பாதை, மத்தியானம் திருப்பாடுகள் வழிபாடு. சாயந்திரம் வீட்டைத் திறந்தால் சிமெண்ட் அட்டைக் கூரை... கேட்க வேண்டுமா? வடைச்சட்டிக்குள் காலை வைத்த மாதிரி. "ஒரு மழை பெய்யாதா ஆண்டவரே" என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே நுழைந்தேன்.

பின்னாலேயே பழனியம்மாள் வந்துவிட்டாள். "சத்தம் கித்தம் கேக்குதுங்களாண்ணா?" என்று கேட்டவள், ஊதாத் துணியைப் பார்த்தாள். படம் இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"ஏனுங்ணா, உங்க சாமிக்கு லைட்டு எரியலைங்?"

வேதம் விளக்க ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் நான் விடுவேனா? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அது அப்படிதாம்மா. வருசம் பூரா எரியும். ஆனா இன்னிக்கு எங்க ஆண்டவர் உசுரு உட்ட நாளு. அதனால நேத்து ராத்திரியே விளக்க நிறுத்தியாச்சு. வெளிச்சம் இல்ல, சூடு இல்ல. கல்லறைக்குள்ள எப்படியோ அப்படி. ஞாயித்துக்கெழமை வரைக்கும் அந்த சுவிட்சத் தொட மாட்டோம். அந்த சுவிட்சு..."

நிறுத்தினேன்.

பழனியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சமையற்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"அப்ப பொட்டிக்குங்ணா?" என்றாள் பழனியம்மாள் மெதுவாக.

நான் துணியை விலக்கினேன். கண்ணாடிக்குள் இருட்டு. மீட்டரில் எழுத்தே இல்லை.

* * *

அந்த நேரத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? சுவிட்சைப் போட்டிருக்க வேண்டும். ஆனால், கை சுவிட்ச் வரைக்கும் போய் நின்றுவிட்டது. சுவிட்சைப் போட்டால் திரு இருதய விளக்கும் எரியுமே! பெரிய வெள்ளியன்று! என் அப்பா காலத்திலிருந்து எரிந்ததில்லையே! ஒரு பக்கம் முட்டை, ஒரு பக்கம் அப்பா.

"பாவமில்லையா ஸ்டெல்லா? சாமியாருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு..."

ஸ்டெல்லா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். சிவப்பு பல்பைத் திருகிக் கழற்றினாள். இறங்கிச் சுவிட்சைப் போட்டாள். பெட்டிக்குள் வெளிச்சம் வந்தது. படத்துக்கு முன்னால் இருட்டு இருட்டாகவே இருந்தது.

"இதுக்கு எதுக்குங்க போனு?" என்றாள்.

மீட்டரில் எழுத்து எழும்பியது. இருபத்தெட்டோ முப்பதோ காட்டும் என்று நினைத்தேன். முப்பத்தாறு காட்டியது! பெட்டிக்குத் தேவை முப்பத்தேழரை. மீட்டர் கெட்டுவிட்டது என்று முதலில் நினைத்தேன். தட்டிப் பார்த்தேன். அப்புறம்தான் சுற்றுமுற்றும் பார்த்தேன். பூட்டின வீடு, சாத்தின ஜன்னல், மேலே சிமெண்ட் அட்டை, வெளியே சேலத்து வெயில். வீடே அடைப் பெட்டியாக இருந்திருக்கிறது! பல்பு அணைந்த ராத்திரி முட்டைகள் என்ன பாடு பட்டனவோ... பகலில் வெயில் காத்திருக்கிறது. நாங்கள் எந்த வெயிலைத் திட்டி நவநாள் வைத்தோமோ, அதே வெயில்.

"உசுரு இருக்குங்களாண்ணா?" என்றாள் பழனியம்மாள்.

"தெரியலம்மா" என்றேன். அது உண்மை. திறந்து பார்க்கவும் கூடாது.

மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் சேர்வராயன் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. தெருவே வெளியே வந்து அண்ணாந்து பார்த்தது. நவநாள் பலித்துவிட்டது! எனக்குத் தலைகால் புரியவில்லை. வாசலில் நின்று மழை மன்றாட்டை மனப்பாடமாகச் சத்தம் போட்டுச் சொன்னேன். காற்று கிளம்பியது. எங்கோ மரக்கிளை முறிந்திருக்க வேண்டும், கரண்ட் போய்விட்டது. இன்வர்ட்டர் பழைய பேட்டரியைக் காட்டிக் கொடுத்து, 'கீ... கீ...' என்று கத்த ஆரம்பித்தது.

நான் திரும்பி உள்ளே பார்த்தபோது ஸ்டெல்லா ஊதாத் துணிக்கு முன்னால் முழங்காலில் நின்றுகொண்டிருந்தாள். அவளும் மழைக்குத்தான் வேண்டுகிறாள் என்று நினைத்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மேகம் அப்படியே நகர்ந்து ஆத்தூர்ப் பக்கம் போய்விட்டது. ஒரு தூறல் இல்லை. கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்துவிட்டது. ஆண்டவரிடம் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "இத்தனை நாளு கத்தினேனே, ஒரு சொட்டு உடலையே" என்று ஸ்டெல்லாவிடம் புலம்பினேன். அவள் எழுந்து சமையற்கட்டுக்குப் போனாள்.

* * *

உயிர்ப்பு ஞாயிறன்று காலையில் பெட்டியிலிருந்து கீச்சென்ற சத்தம் கேட்டது என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்க்கிறீர்கள். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். தயார் செய்த வாக்கியங்களோடு பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன்.

ஒன்றும் இல்லை. கல்லறை மாதிரி இருந்தது.

புதுப்புடவை கட்டின ஸ்டெல்லா சிவப்பு பல்பைத் திரும்ப மாட்டினாள். வீட்டில் கேக் இருந்தது. பிரியாணி வாசம் இருந்தது. ஆனால், சந்தோஷம் வரவில்லை. பழனியம்மாள் காலையில் வந்தாள், மத்தியானம் வந்தாள், சாயந்திரமும் வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்க சாமி எந்திரிச்சுருச்சுங்ணா. எங்களுது எந்திரிக்கலையே" என்றாள்.

கிண்டல் இல்லை. அவள் கிண்டலாகச் சொல்லியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

திங்கட்கிழமையும் ஓடியது. முட்டைகளைப் புதைத்துவிடலாம் என்று நானே வாய்விட்டுச் சொன்னேன். முருகேசன் வந்தான். மடங்காத விரலோடு தலையைச் சொறிந்தான்.

"உடுங்ணா, பாவம் நீங்க என்ன பண்ணுவீங்க. சேலம் ஜில்லாவுல கருஞ்சேவலுக்கா பஞ்சம்? சந்தையில ஒண்ணப் புடிச்சாந்து அறுத்துட்டாப் போச்சு. முனியப்பன் வந்து பொறந்த சர்டிபிகேட்டா கேக்கப் போறாரு?"

பழனியம்மாள் பொங்கிவிட்டாள். "உங்க கையி போனப்ப நானு சந்தையிலயா வேண்டுனேன்? வேற ஒரு கை வாங்கி ஒட்டுனா ஒத்துக்குவீங்களா நீங்க? சேவல் இல்லீன்னா நீங்க வண்டி ஏற வேண்டாம். பூப்பறிச்சு நானு சோறு போடறேன்."

ஸ்டெல்லா மட்டும், "இன்னொரு நாளு பாக்கலாம், பழனியம்மா. இடையில சூடு கொறஞ்சுதுல்ல, கொஞ்சம் பிந்தும்" என்றாள். எந்த வீடியோவும் பார்க்காதவள் இதை எப்படிச் சொன்னாள் என்று கேட்டதற்கு, "இட்லி குண்டானுல கேஸு தீந்து போயி சிலிண்டர் மாத்தி வெச்சா பிந்தாதுங்களா?" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை. நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஸ்டெல்லாவின் குரல்: "ஏனுங்க! ஓடியாங்க!"

ஒரு ஓட்டில் சிலுவைக்குப் பக்கத்திலேயே சின்ன ஓட்டை. அதற்குள் ஒரு மூக்கு. இத்தனை வருஷம் முட்டை லாரி ஓட்டியவன், வாயில் பிரஷ்ஷோடு பெட்டிக்கு முன்னால் முழங்காலில் உட்கார்ந்துவிட்டேன். சாயந்திரத்துக்குள் ஆறு குஞ்சுகள். அதில் இரண்டு, நனைந்த கரித்துண்டு மாதிரி கறுப்பு!

பழனியம்மாள் அரளிக் கூடையோடு ஓடி வந்தாள். பார்த்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள்.

"செவ்வாக்கெழமைங்ணா! முனியப்பனுக்கு உகந்த நாளு! அதானே பாத்தேன்... அவரு உங்க ஞாயித்துக்கெழமையில எப்படி வருவாரு?"

செவ்வாய் எங்களுக்கும் அந்தோனியார் நாள்தான். ஆனால், அந்த முகத்தைப் பார்த்த பிறகு நான் அதைச் சொல்லவில்லை. கிடைத்த பெருமையை அவரவர் வைத்துக்கொள்ளட்டும்.

* * *

கறுப்பு இரண்டில் ஒன்று பெட்டை ஆகிவிட்டது. மற்றது சேவல்தானா என்று ஆடி மாதம் வரைக்கும் இரண்டு வீட்டிலும் பஞ்சாயத்து. ஒரு நாள் அது கூரை மேல் ஏறி, சளி பிடித்த மாதிரி ஒரு கூவல் கூவித் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

தீபாவளி கழிந்து ஒரு செவ்வாய்க்கிழமை, பழனியம்மாள் முனியப்பனுக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள். அந்த வாரமே முருகேசன் ரிக் வண்டி ஏறினான். போய்ச் சேர்ந்துவிட்டேன், கை நன்றாக இருக்கிறது என்று சனிக்கிழமை போன் வந்தது. பழனியம்மாள் அந்தப் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டாள். ஸ்டெல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைத் துடைத்தாள்.

அதற்கு மறுநாள்தான், நான் ஆரம்பத்தில் சொன்ன அந்த நன்றிப் பூசை.

பூசை முடிந்து வரும் வழியில் கேட்டேன். "அன்னிக்கு சனிக்கெழமை முழங்கால் போட்டு என்னதான் கேட்ட?"

"காத்து அடிச்சாலே கரண்டு நின்னு போச்சு. மழையும் வந்தா ராத்திரி பூரா வராது. பேட்டரி கத்துது. அதான், முட்டை பொரிக்கற வரைக்கும் வேண்டாம் ஆண்டவரே, அப்பறமா சேத்துக் குடுத்துருங்கன்னு கேட்டேன்."

"முனியப்பன் சேவலுக்காகவா?"

"பழனியம்மாளுக்காகங்க" என்றாள். "ஏன், கேக்கக் கூடாதுங்களா?"

ஊரே கூடி, நவநாள் வைத்து, மைக் கட்டி, நான் தொண்டை கிழியக் கொடுத்த மனு ஒரு பக்கம். ஊதாத் துணிக்கு முன்னால் சத்தம் வராத ஒரு வாய் கொடுத்த மனு ஒரு பக்கம். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை கூட்டத்தோடு போய்க் கொடுக்கிற மனு எங்கேயோ கட்டில் கிடக்கும். யாரோ ஒருவர் தனியாக வந்து நின்று சொன்னது நடந்துவிடும். பார்த்திருக்கிறோம். மேலேயும் அப்படித்தானா? அப்புறமா சேர்த்துக் கொடுங்கள் என்றாளே... ஐப்பசியில் கொட்டித் தீர்த்ததற்கும் அவள்தான் காரணமா?

இதையெல்லாம் சாமியாரிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? சாயந்திரம் அவரே வீட்டுக்கு வந்துவிட்டார். காபியைக் குடித்துக்கொண்டே முழுக் கதையையும் கேட்டார். சிரிக்கவில்லை. எழுந்து போய் அடைப் பெட்டியின் கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தார். சிவப்பு பல்பைப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஸ்டெல்லாவைப் பார்த்தார்.

"சூசை," என்றார் கடைசியில், "அடுத்த வருசம் மழை நவநாளுக்கு நாள் குறிக்கறதுக்கு முன்னாடி, இந்தப் பெட்டியில முட்டை இருக்கா இல்லையான்னு எனக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருங்க."